வர்ணம் தீட்டிய தேசப்படம்

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 30-ந் தேதி மத்திய சர்க்காரின் சுகாதார இலாகா, எல்லா ராஜ்யங்களின் தலைமைக் காரியதரிசிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பிற்று. கொரோனா நோயின் பொருட்டுத் தேசம் முழுவதும் கதவடைத்துக் கிடந்த நாட்கள் அவை. கடிதத்துடன் ஒரு ஜாபிதா இணைக்கப்பட்டிருந்தது. தேசத்தின் 733 ஜில்லாக்கள் அதில் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன: சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. அடுத்த சில தினங்களில் பத்திரிகைகள் அந்த ஜாபிதாவைத் தேசப்படமாக மாற்றி மூன்று வர்ணங்களும் தீட்டிப் பிரசுரித்தன.

அந்தப் படத்தைக் கையிலெடுத்த ஒவ்வொருவரும் முதலில் தேடியது தமது ஜில்லாவையே. தேடுவதற்குக் காரணமும் இருந்தது. பச்சை ஜில்லாவில் பாதி ஆசனங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் ஓடலாம். சிவப்பு ஜில்லாவில் ஆட்டோ ரிக்ஷாவோ டாக்ஸியோ ஓடலாகாது, சலூன் திறக்கலாகாது. ஆகவே ஆட்டோ ஓட்டுபவரின் அன்றன்றைய அரிசியும், சலூன்காரர் கொடுக்கவேண்டிய கடை வாடகையும், படத்தில் ஒரு சிறு துண்டுக்கு எந்த நிறம் பூசப்பட்டது என்பதைப் பொறுத்திருந்தன. தமிழ்நாட்டில் அப்போதிருந்த 37 ஜில்லாக்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு, கிருஷ்ணகிரி ஒன்றுமட்டும் பச்சை.

அந்தப் பிரிவினை அவசியமா, அநாவசியமா என்று விவாதிப்பது இன்று நமது நோக்கமன்று. பெருநோய் வந்த காலத்தில் சர்க்கார் ஏதேனும் ஒரு முறையை வகுத்தே தீரவேண்டும். நாம் சொல்ல வந்தது வேறு. தேசப்படத்தில் ஏறும் ஒவ்வொரு வர்ணமும் ஒரு தீர்ப்பாகும். தீர்ப்பு என்றால் அதை எழுதியவர் ஒருவர் இருப்பார். அவர் அனுசரித்த விதி ஒன்று இருக்கும். அவர் நம்பிய சாட்சியம் ஒன்று இருக்கும். நீதிஸ்தலத்தில் இம்மூன்றையும் கேளாமல் எந்தக் கட்சிக்காரனும் வீடு திரும்பமாட்டான். ஆனால் பத்திரிகையில் வர்ணப்படம் ஒன்றைக் கண்டதும், கற்றவர்களாகிய நாமே ஒன்றையும் கேளாமல் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இந்தப் பழக்கத்தை விட்டொழிப்பது அவசியம்.

வித்தையின் பூர்வோத்தரம்

இவ்வித்தை புதிதன்று. 1826-ம் வருஷத்தில் ஷார்ல் டுபான் என்னும் பிரெஞ்சுக் கணித நிபுணர் தமது தேசத்தின் படத்தை எடுத்துக்கொண்டார். அங்கே நமது ஜில்லாவைப் போன்ற பிரிவுக்கு டிபார்ட்மெண்டு என்று பெயர். ஒவ்வொரு டிபார்ட்மெண்டிலும் ஜனத்தொகைக்கு எத்தனை ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர் என்று கணக்கிட்டு, மிகக் குறைந்த இடத்துக்குக் கறுப்பும், மிகுந்த இடத்துக்கு வெளுப்பும், இடைப்பட்டவற்றுக்குச் சாம்பல் நிறத்தின் பல படிகளும் தீட்டினார். தேசம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. கடற்கரைப் பட்டணமாகிய ஸான் மாலோவிலிருந்து ஜினீவா வரையில் ஒரு கோடு இழுத்தால், அதற்கு வடகிழக்கே வெளிச்சம். தெற்கிலும் மேற்கிலும் இருள். பக்கம் பக்கமாக அச்சிட்ட இலக்கங்கள் செய்யாத வேலையை அந்த ஒரு படம் செய்தது. பிரான்ஸ் முழுவதும் அதைப் பற்றிப் பேசிற்று.

மூன்று வருஷங்களுக்குப் பின், 1829-ல், ஆந்த்ரே மிஷேல் கெரி என்னும் வக்கீல், பால்பி என்ற பூகோள அறிஞருடன் சேர்ந்து, குற்றங்களுக்கும் கல்விக்குமாக மூன்று படங்களை ஒரே தாளில் வெளியிட்டார். கல்வியில்லாமையே குற்றத்துக்கு மூலம் என்று அக்காலத்தில் பிரசங்கித்தோர் பலர். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதோ, கல்வியில் முன்னேறிய வடகிழக்குப் பிராந்தியத்திலேயே சொத்து சம்பந்தமான குற்றங்கள் மிகுதியென்று தெரியவந்தது. படித்தவர்களிடையே வேரூன்றியிருந்த ஓர் அபிப்பிராயத்தை வர்ணம் தீட்டிய ஒரு தாள் அசைத்துவிட்டது. 1938-ல் ஜான் கர்ட்லண்ட் ரைட் என்னும் அமெரிக்கப் பூகோள அறிஞர், இடம், திரள் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, இத்தகைய படத்துக்குக் 'கோரோப்ளெத்' என்று பெயர் சூட்டினார். பெயர் வருவதற்கு நூறு வருஷங்களுக்கு முன்னரே வித்தை வந்துவிட்டது.

முற்காலத்தில் இப்படியொரு படம் தயாரிக்க வேண்டுமானால் சர்வே இலாகாவின் படமும், தேர்ந்த சித்திரக்காரரும், அச்சுக்கூடமும், பல நாள் அவகாசமும் வேண்டும். ஆகவே அது சர்க்காருக்கும் பெரிய சங்கங்களுக்கும் மட்டுமே சாத்தியமாயிருந்தது. இன்று நிலைமை அடியோடு மாறிவிட்டது. நியூஜிலாந்து தேசத்தின் ஆக்லண்டு சர்வகலாசாலையில் ராஸ் ஐஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் 'ஆர்' என்ற புள்ளிவிவரக் கம்ப்யூட்டர் பாஷையை உண்டாக்கினர். 1995 முதல் அது விலையின்றி வழங்கிவருகிறது. யார் வேண்டுமானாலும் அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். 2002-ல் தொடங்கப்பட்ட 'க்யூஜிஐஎஸ்' என்னும் படவரைவு மென்பொருளும் அவ்வாறே விலையற்றது. ஒரு கம்ப்யூட்டரும் பழக்கமும் இருந்தால், தேசத்தின் அத்தனை ஜில்லாக்களுக்கும் அரைமணி நேரத்தில் வர்ணம் தீட்டிவிடலாம். கலெக்டர் கச்சேரியிலிருந்து அதிகாரம் பெறாத ஒரு கல்லூரி மாணவர், கலெக்டரின் படத்துக்கு எதிராகத் தமது படத்தை வைக்கக்கூடிய காலம் இது. இது சாதாரண மாறுதலன்று.

யந்திரம் செய்வதும் செய்யாததும்

வேலை நடக்கும் விதத்தைச் சிறிது விவரிப்போம். விவரமறியாதவரால் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. கம்ப்யூட்டருக்கு இரண்டு தஸ்தாவேஜுகள் கொடுக்கவேண்டும். ஒன்று எல்லைத் தஸ்தாவேஜு: ஒவ்வொரு ஜில்லாவின் எல்லையும் அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளின் வரிசையாக அதில் பதிந்திருக்கும். மற்றது கணக்குத் தஸ்தாவேஜு: ஜில்லாவின் பெயருக்கு நேரே அதன் வகுப்பு எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் பெயராலோ, ஜனகணித இலாகா கொடுத்திருக்கும் எண்ணாலோ யந்திரம் பொருத்துகிறது. பிறகு இந்த வகுப்புக்கு இந்த நிறம் என்று நாம் கட்டளையிட்டபடி பூசிவிடுகிறது. ரிஜிஸ்தர் ஆபீஸில் சர்வே நம்பர் ஒத்திருந்தாலன்றி இரண்டு பத்திரங்கள் ஒரே நிலத்தைக் குறித்தவை என்று ஒப்புக்கொள்வதில்லை அன்றோ? யந்திரமும் அப்படியே, ஒரு எழுத்து பிசகினாலும் ஒப்புக்கொள்ளாது.

நமது காரியாலயத்தில் நேர்ந்த பிழையையே இதற்குத் திருஷ்டாந்தமாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டின் ஜில்லாக்களைக் கல்வியறிவின்படி வகுத்து ஒரு படம் வெளியிட்டோம். எல்லைத் தஸ்தாவேஜில் ஒரு ஜில்லாவின் பெயர் ஆங்கில முறைப்படி 'தி நீல்கிரிஸ்' என்றிருந்தது. கணக்கில் 'நீல்கிரிஸ்' என்று மட்டும் இருந்தது. நமக்கு இரண்டும் ஒன்று, யந்திரத்துக்கு வெவ்வேறு. அது சண்டையிடவில்லை, நம்மைக் கூப்பிட்டு எச்சரிக்கவுமில்லை. நீலகிரியை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அழகாக வர்ணம் பூசிற்று. நமது உதவியாசிரியர்களும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. குன்னூரிலிருந்து ஒரு நேயர் எழுதினார்: "மலைமேலிருக்கும் நாங்கள் தங்கள் தமிழ்நாட்டில் இல்லையா?" மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. மெய்யாகவே புறக்கணிக்கப்பட்ட ஜனங்கள் எத்தனையோ படங்களில் இப்படி வெறுமையாகக் கிடந்திருப்பார்கள். திருத்தம் கேட்டு எழுத அவர்களிடையே ஒருவர் இல்லாதிருந்திருப்பார்.

இன்னொரு அபாயம் உண்டு. 2011-ம் வருஷத்து ஜனகணிதத்தின்போது தமிழ்நாட்டில் ஜில்லாக்கள் 32. 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகிய ஐந்தும், 2020-ல் மயிலாடுதுறையும் பிரிக்கப்பட்டு 38 ஆயின. பழைய எல்லைப் படத்தின்மேல் புதிய கணக்கை ஏற்றினால், தென்காசிக்கு இடமே இராது. திருநெல்வேலியின் நிறம் தென்காசியின் மீதும் படிந்துவிடும். நிறத்தின் தேதியும் எல்லையின் தேதியும் ஒன்றுதானா என்று பார்ப்பவர் வெகு சிலர்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். 'ஆர்' பாஷையில் வகுப்புகளுக்கு வரிசை இன்னதென்று நாம் கட்டளையிடாவிட்டால், யந்திரம் அவற்றை அகராதி வரிசையில் அமைத்துக்கொள்ளும். அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று வகுப்புகள் வைத்தோமென்று கொள்ளுவோம். அகராதி வரிசைப்படி அதிகம் முதலிலும், குறைவு நடுவிலும், நடுத்தரம் கடைசியிலும் வந்து நிற்கும். அடர்ந்த நிறத்திலிருந்து வெளிறிய நிறத்துக்கு இறங்கிவரும் வர்ணவரிசையை அதற்குக் கொடுத்தால், நடுத்தர ஜில்லா யாவற்றிலும் தாழ்ந்ததுபோல் தோன்றும். யந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவன் பொய்யை நம்பிக்கொண்டு போவான். அர்த்தத்தை அறிந்து கட்டளையிடுவது மனிதனின் வேலை. அதை யந்திரத்திடம் விட்டுவிட்டு, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று மேடையில் முழங்குவது பேதைமை.

இவையெல்லாம் கவனக்குறைவால் நேரும் பிழைகள். திருத்தம் போட்டால் தீர்ந்துபோகும். திருத்தத்தால் தீராத மூன்று விஷயங்கள் உண்டு. அவற்றைக் குறித்தே ஒவ்வொரு வர்ணப்படத்தையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கவேண்டும்.

முதற் கேள்வி: அலகு எது?

ஜில்லாவுக்கு வர்ணம் பூசியதா, தாலூகாவுக்கா, கிராமத்துக்கா? இதைத் தீர்மானிப்பவரே பெரும்பாலும் முடிவையும் தீர்மானித்துவிடுகிறார். தேசம் 1947-ல் இதற்கு இரத்தத்தால் விலை கொடுத்தது.

பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க நியமிக்கப்பட்ட கமிஷன்களுக்குத் தலைவராக ராட்கிளிப் துரை 1947 ஜூலை 8-ந் தேதி இந்தியா வந்து சேர்ந்தார். முஸ்லிம்களும் முஸ்லிமல்லாதாரும் பெரும்பான்மையாகத் தொடர்ச்சியாக வசிக்கும் பகுதிகளைக் கண்டறிந்து எல்லை வகுக்கவேண்டும், மற்ற அம்சங்களையும் கவனிக்கவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட ஆணை. 'பகுதி' என்றால் ஜில்லாவா, தாசிலா, கிராமமா என்று ஆணையில் விளக்கப்படவில்லை. சாதாரண விற்பனைப் பத்திரத்தில் இப்படியொரு சொல்லை விளக்காமல் விட்டால் கட்சிக்காரர் வக்கீலைச் சும்மா விடமாட்டார். கோடிக்கணக்கான ஜனங்களின் தலைவிதியை நிர்ணயிக்கும் பத்திரத்தில் அது விளக்கப்படாமலே விடப்பட்டது.

குர்தாஸ்பூர் ஜில்லாவைப் பாருங்கள். 1941-ம் வருஷத்து ஜனகணிதப்படி அங்கே முஸ்லிம்கள் நூற்றுக்கு 51-க்குச் சற்று அதிகம். ஜில்லாவை அலகாகக் கொண்டால் ஜில்லா முழுவதற்கும் ஒரே வர்ணம். சுதந்திரச் சட்டத்தின் தற்காலிக அட்டவணையில் அது மேற்குப் பஞ்சாபிலேயே சேர்க்கப்பட்டிருந்தது. தாசிலை அலகாகக் கொண்டால் பதான்கோட்டுக்கு வேறு வர்ணம். மற்ற மூன்று தாசில்களுக்கும் பழைய வர்ணமே. முடிவில் தீர்ப்பு வந்தபோது ஷகர்கட் தாசில் மட்டும் பாகிஸ்தானுக்கும், ஏனைய மூன்றும் இந்தியாவுக்கும் போயின. ஜில்லாப் படம் காட்டிய எல்லையுமன்று, தாசில் படம் காட்டிய எல்லையுமன்று. 'மற்ற அம்சங்கள்' என்ற சொற்றொடர் மூன்றாவது எல்லை ஒன்றைப் பெற்றெடுத்தது. அதன் நியாயத்தைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் இன்றளவும் வாதாடுகின்றனர்.

வங்காளத்தில் நடந்தது இன்னும் பரிதாபம். முர்ஷிதாபாத் ஜில்லாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். குல்னா ஜில்லாவில் முஸ்லிமல்லாதார் மிகச் சொற்ப வித்தியாசத்தில் பெரும்பான்மையினர். ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வர்ணத்தை நம்பினர். சுதந்திர தினத்தன்று முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறின. ஆகஸ்டு 17-ந் தேதி ராட்கிளிப் தீர்ப்பு வெளியாயிற்று. முர்ஷிதாபாத் இந்தியாவில், குல்னா பாகிஸ்தானில். ஏற்றிய கொடிகளை இறக்கி வேறு கொடிகளை ஏற்றினார்கள்.

வகுப்பாகப் பிரித்து வர்ணம் தீட்டும் படத்தின் இயற்கையான குறையை இதில் காண்கிறோம். நூற்றுக்கு 51 பேரின் வர்ணம் மற்ற 49 பேரின் மீதும் முழுமையாகப் பூசப்பட்டுவிடுகிறது. படத்தைப் பார்ப்பவன் கண்ணில் அந்த 49 பேர் இல்லவே இல்லை. குர்தாஸ்பூரில் நூற்றுக்கு 51 இருந்ததும், வேறோரிடத்தில் நூற்றுக்கு 95 இருந்ததும் ஒரே நிறமாய் நின்றன. படத்தில் இல்லாதவர்களாக ஆக்கப்பட்டவர்கள், அதே வருஷம் மூட்டை முடிச்சுகளுடன் ரஸ்தாக்களில் நடந்தார்கள்.

தமிழர்களாகிய நமக்கும் இதில் அனுபவமுண்டு. 1955-ல் அறிக்கை சமர்ப்பித்த ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன், தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்களில் தமிழர் பெரும்பான்மை என்ற கணக்கைக் கண்டும், அவர்களிற் பலர் தோட்டவேலைக்கு வந்து போகிறவர்கள் என்று கூறி, அத்தாலூகாக்கள் மலையாள ராஜ்யத்துடனேயே இருக்கவேண்டுமென்றது. கன்னியாகுமரிப் பிரதேசத்துத் தாலூகாக்கள் நான்கும் செங்கோட்டைப் பகுதியும் 1956 நவம்பர் முதல் தேதி நம்முடன் சேர்ந்தன. வடக்கெல்லையில் வேறு முறை கையாளப்பட்டது. பதாஸ்கர் தீர்ப்பில் கிராமமே அலகு. கிராமம் கிராமமாகப் பார்த்து எல்லை வகுக்கப்பட்டது. அதன் பயனாகத் திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. ஓர் எல்லையில் தாலூகா. மற்றோர் எல்லையில் கிராமம். ஓரிடத்தில் வசிப்போர் அனைவரும் எண்ணப்பட்டனர். வேறிடத்தில் வந்து தங்கியோர் கழிக்கப்பட்டனர். அலகும் எண்ணும் முறையும் மாறுந்தோறும் வரைபடம் மாறும். எந்தத் தரப்பில் நின்று வாதாடுபவரும் இதை அறிந்திருப்பது நலம்.

நாம் முதலிற் கூறிய 2020-ம் வருஷத்துக் கடிதமும் இந்தச் சங்கடத்தை உணர்ந்திருந்தது. நகரசபைக் கார்ப்பொரேஷன் உள்ள ஜில்லாவில், கார்ப்பொரேஷனையும் ஏனைய பிரதேசத்தையும் தனித்தனி அலகுகளாகக் கொள்ளலாம் என்றும், 21 நாட்கள் நோயில்லாத பிரிவை ஒரு படி இறக்கலாம் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. பட்டணத்தின் நோய்க்காக நாற்பது மைலுக்கப்பாலுள்ள கிராமத்தானின் வண்டியை நிறுத்துவது நியாயமாகுமா என்ற கேள்வியை எழுதியவர்களே உணர்ந்திருந்தார்கள் என்று இதனால் தெரிகிறது. மே 17-ந் தேதி பிறந்த உத்தரவு, நிறம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை ராஜ்யங்களுக்கே விட்டுவிட்டது.

இரண்டாவது கேள்வி: கோடு எங்கே?

நோயில்லாத நாட்கள் 28 ஆனால்தான் பச்சை என்று முதலில் விதி இருந்தது. பிறகு 21 நாட்கள் போதுமென்று மாற்றப்பட்டது. 28-ம் 21-ம் மனிதர் வகுத்த எண்கள். வைத்திய சாஸ்திர ஆதாரம் அவற்றுக்கு இருக்கலாம். இருப்பினும் விதி மாறிய அன்று, 22 நாட்கள் கண்ட ஜில்லா ஒன்றில் ஒரு நோயாளியும் குறையாமலே நிறம் மாறியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

எண்களை வகுப்புகளாக மாற்றும்போதெல்லாம் இது நிகழும். 2011 ஜனகணிதப்படி தமிழ்நாட்டின் கல்வியறிவு நூற்றுக்கு 80.09. ஜில்லாக்களில் முதலாவது கன்னியாகுமரி, 91.75. கடைசி தருமபுரி, 68.54. இந்த இடைவெளியை மூன்று சம பாகமாக்கினால் கோடுகள் சுமார் 76.3-லும் 84-லும் விழும். அவ்வாறன்றி, 32 ஜில்லாக்களை வரிசையாக நிறுத்தி மூன்று சம கூட்டமாகப் பிரிக்கலாம். அப்பொழுது மேல் வகுப்பில் பத்துப் பதினொரு ஜில்லாக்கள் இடம்பெற்றே தீரவேண்டும். 84-ஐ எட்டாதவையும் அதில் ஏறிவிடும். ராஜ்ய சராசரியாகிய 80.09-ல் ஒரே கோடு கிழித்து மேல், கீழ் என்று இரண்டே வர்ணமும் தீட்டலாம். மூன்று முறைகளும் சாஸ்திரத்துக்குப் பொருந்தியவையே. மென்பொருளில் மூன்றுக்கும் இடமுண்டு. ஒரு பள்ளிக்கூடமும் புதிதாகத் திறக்கப்படவில்லை. ஒரு குழந்தையும் புதிதாக அட்சரம் கற்கவில்லை. ஆயினும் ஒரு ஜில்லா ஒரு படத்தில் முன்னேறியது, மறு படத்தில் பின்தங்கியது.

ஆளுங் கட்சியினர் ஒரு கோட்டையும், எதிர்க் கட்சியினர் வேறொரு கோட்டையும் தேர்ந்தெடுப்பதில் வியப்பென்ன? வியக்கத்தக்கது, கோடு எங்கே என்று சபையில் ஒருவரும் எழுந்து கேளாமலிருப்பதே.

மூன்றாவது கேள்வி: நிலமா, ஜனங்களா?

படத்தில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது நிலப்பரப்பு. லடாக்கின் லே ஜில்லா சுமார் 45,000 சதுர கிலோமீட்டர். 2011-ல் அதன் ஜனத்தொகை 1,33,487. அவ்வருஷம் சென்னை ஜில்லாவின் பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 46 லட்சத்துக்கு மேல். தேசப்படத்தில் லே ஒரு பெரும் பாறைபோல் நிற்கும். சென்னை ஒரு கடுகு. லேயின் நிறம் மாறினால் படமே மாறியதுபோல் தோன்றும். சென்னையின் நிறம் மாறினால் பூதக் கண்ணாடி வேண்டும். ஆனால் மாறியது லேயைப்போல் முப்பது மடங்குக்கு மேற்பட்ட ஜனங்களின் நிலை. தேர்தல் முடிவுகளை வர்ணம் தீட்டிக் காட்டி, "பார், தேசமெங்கும் எங்கள் நிறம்" என்று மார்தட்டும் கட்சிகள் எந்தத் தேசத்திலும் உண்டு. வாக்களிப்பவை வயல்களும் மலைகளுமல்ல.

இத்துடன் சேர்ந்த இன்னொரு விஷயம்: கணக்கே எடுக்கப்படாத இடத்துக்கு என்ன நிறம்? பரிசோதனை நடவாத ஊரில் நோயாளி அகப்படமாட்டார். அகப்படாததால் பச்சை என்று எழுதிவிடலாம். புகார் வாங்கப்படாத போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் குற்றம் குறைவு, அதுவும் பச்சை. "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒரே நிறத்தில் நிற்கும் படம் நம்பத்தகாதது. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டு, வெறுமை என்றே அடியில் எழுதுவதுதான் யோக்கியமான முறை.

ஆகையால் செய்யத்தக்கது

இவ்வளவையும் கேட்டபின், "அப்படியானால் வர்ணப்படங்களை எரித்துவிடலாமே" என்று சிலர் சொல்லக்கூடும். அது ஒரு நாளும் கூடாது. டுபானின் கறுப்பு டிபார்ட்மெண்டுகள் பிரெஞ்சு ஜனங்களின் மனத்தை உறுத்தின. எந்த ஜில்லாவில் பிரசவத்தில் தாய்மார் அதிகம் மடிகின்றனர், எந்தத் தாலூகாவில் குடிநீர் இல்லை என்பதைச் சட்டசபையில் ஒரு மணி நேரம் பேசிப் புரியவைப்பதைக் காட்டிலும், ஒரு படத்தை மேஜைமேல் விரித்துப் புரியவைப்பது எளிது. பொய்ச்சாட்சிகள் உண்டென்பதற்காகச் சாட்சியமே வேண்டாமென்று எந்த நீதிபதியும் சொன்னதில்லை. சாட்சியை விசாரிக்கத் தெரிந்த வக்கீல் வேண்டுமென்றே சொல்லுவார்.

நமது வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவிக்கு விலையில்லை, ஜனகணித இலாகாவின் கணக்குகள் எல்லோரும் எடுக்கக்கூடிய விதத்தில் வெளியிடப்பட்டிருக்கின்றன. உங்கள் தாலூகாவுக்கு ஒரு படம் தீட்டிப் பாருங்கள். ஒரே கணக்கை மூன்று விதமாகக் கோடு கிழித்து மூன்று படம் தீட்டி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அந்த ஒரு மணி நேரப் பயிற்சி, பிறர் காட்டும் படத்தைச் சோதிக்கும் கண்ணை உங்களுக்குக் கொடுத்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையார் ஆண்களில் கணிசமானோர். ஆகவே நீங்கள் தீட்டும்போது அவர்களுக்கும் விளங்கும் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க அறிஞர் சிந்தியா ப்ரூவர் வகுத்தளித்த வர்ணவரிசைகள் பல மென்பொருள்களுக்குள்ளேயே கிடைக்கின்றன.

பொதுக்கூட்டத்தில் வர்ணப்படம் காட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தின் அடியில் நான்கு வரி எழுதுங்கள்: அலகு இன்னது, கோடுகள் இன்ன இடத்தில், கணக்கு இன்ன வருஷத்தது, கணக்கில்லாத இடங்கள் இவை. எதிரி கேட்குமுன் நாமே சொல்லிவிட்டால் நமது கட்சி பலப்படுமேயன்றிப் பலவீனப்படாது. நீலகிரியை வெறுமையாக விட்ட நாளுக்குப் பின், இந்த நான்கு வரியின்றி இப்பத்திரிகையில் எந்தப் படமும் வரலாகாது என்று நமது காரியாலயத்தில் விதி செய்திருக்கிறோம். அதில் நாம் தவறினால் நேயர்கள் தயவுசெய்து எழுதவேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது ஒன்றே. ஜனங்களின் பிழைப்பைக் கட்டுப்படுத்தும் வர்ணப்படம் எதை வெளியிட்டாலும், அதன் விதியையும் அதன் கணக்கையும் அதே நாளில் வெளியிடவேண்டும். தீர்ப்பின் நகலைக் கொடுக்க மறுக்கும் நீதிஸ்தலம் எங்கும் இல்லை. ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு, தமது ஜில்லா எந்த எண்ணால் சிவப்பாயிற்று, எந்த எண் வந்தால் பச்சையாகும் என்று அறிந்துகொள்ளும் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையை அவருக்காகக் கேட்டு வாங்கிக் கொடுப்பது, படிக்கத் தெரிந்த நம்மவர் ஒவ்வொருவரின் கடமையாகும்.